என்னிடம் சொல்லாதது

என் கணவருக்கு வேறொரு பெண் இருக்கிறாள் என்று நான் நம்பத் தொடங்கியது, அவருக்கு ஒப்பரேஷன் முடிந்து சில மாதங்கள் கழித்து. அந்த நம்பிக்கை ஒரே நாளில் வரவில்லை. சுவரில் ஈரம் ஊறுவதுபோல ஊறி ஊறித்தான் வந்தது.

நாங்கள் இருப்பது நானுஓயாவுக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில். நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பிக்கிறேன். அவர் கொழுந்து லொறி ஓட்டுகிறார். மலையில் கிள்ளிய கொழுந்தைச் சாக்கு சாக்காக ஏற்றிக்கொண்டு போய் பெக்டரியில் இறக்குவது அவருடைய வேலை. எங்களுக்கு ஒரு மகள். நாங்கள் விரும்பிக் கட்டிக்கொண்டவர்கள். டீச்சர் போய் டிரைவரைக் கட்டினாள் என்று ஊரில் பேசியவர்கள் எல்லாம் பேசி ஓய்ந்து வருடக்கணக்காகிவிட்டது.

ஒரு மழை நாளில் கொழுந்து நனையாமல் மேலே படங்கு கட்டுவதற்காக லொறியின் பக்கப் பலகையில் ஏறியிருக்கிறார். கால் வழுக்கி, இரண்டு காலும் இரண்டு பக்கமாகப் போக, பலகையின் மேலேயே விழுந்துவிட்டார். கொஞ்ச நேரம் அப்படியே குனிந்து உட்கார்ந்திருந்தாராம். பிறகு எழுந்து லொறியை பெக்டரிக்கு ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்டார். பின்னேரம் சிறுநீருக்குப் பதிலாக ரத்தம் வந்தது. நுவரெலியாவில் டியூப் போட்டு, சில நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தோம்.

சரியாகவில்லை. மாதங்கள் போகப் போக சிறுநீர் நூல் மாதிரி ஆகிவிட்டது. கக்கூசுக்குள் போனால் வெளியே வர அவ்வளவு நேரம் எடுக்கும். நெற்றியெல்லாம் வியர்த்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வருவார். உள்ளே கம்பி விட்டு அகலப்படுத்தினார்கள். மறுபடி சுருங்கியது. கடைசியில் கண்டிக்கு அனுப்பினார்கள். காயம் ஆறிய இடத்தில் தழும்பு கட்டி, சிறுநீர் வரும் குழாய் அடைத்துப்போயிருக்கிறது, அந்த இடத்தைத் திறந்து, கன்னத்தின் உள்பக்கத்துத் தோலைக் கொஞ்சம் எடுத்து ஒட்டுப் போட வேண்டும் என்றார் டொக்டர்.

"வாய்க்குள்ள உள்ள தோல அங்கயா வப்பாங்க?" என்று வெளியே வந்ததும் அவர் என்னிடம் கேட்டார். இருவரும் சிரித்தோம். அதற்குப் பிறகு நாங்கள் சேர்ந்து சிரிக்க வெகுகாலம் ஆனது.

ஆண்களின் வாட்டில் என்னைத் தங்க விடவில்லை. பார்வையாளர் நேரத்தில் போய்க் கஞ்சி கொடுத்துவிட்டு வருவேன். கன்னத்தில் தையல் இருந்ததால் உறைப்பு எதுவும் சாப்பிட முடியாது. பக்கத்துக் கட்டில்களில் யார் யார் இருந்தார்கள் என்று நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. என் கண்ணெல்லாம் ஒரு நர்ஸ் மேல்தான் இருந்தது. "அந்த மிஸ் ஊசி போட்டா போட்டதே தெரியாது" என்று அவர் ஒருமுறை சொன்னார். நான் தொட முடியாத இடத்தில், நான் தொட முடியாத நேரத்தில், அந்தப் பெண்ணின் கை பட்டுக்கொண்டிருந்தது. அது அவளுடைய வேலை என்று எனக்குத் தெரியும். இருந்தும் பஸ்ஸில் திரும்பும்போதெல்லாம் அந்தக் கையைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

டியூப்பைக் கழற்றிய பிறகு வீட்டுக்கு வந்தார். முதல் நாள் கக்கூசிலிருந்து வெளியே வந்தபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "பீலித் தண்ணி மாதிரி போகுது புள்ள" என்றார், பீலிக் குழாயில் கொட்டும் மலைத் தண்ணீரைச் சொல்லி. நான் அழுதுவிட்டேன்.

ஆறு கிழமைக்குக் கணவன் மனைவியாக இருக்கக்கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். அதற்கு மேலேயே காத்திருந்தேன். பிறகு ஒரு சனிக்கிழமை மகளை நாத்தனார் வீட்டில் விட்டுவிட்டு வந்து, தலைக்குக் குளித்து, நல்ல சேலை கட்டிக்கொண்டேன். அவர் தலையிடி என்று திரும்பிப் படுத்தார். அடுத்த முறை கொழுந்து அதிகம், ரெண்டு நடை ஓட வேண்டும், உடம்பு அலுப்பு என்றார். அதன்பின் காலையில் வெள்ளனவே எழும்பிப் போவது எங்களைத் தொந்தரவு செய்கிறது என்று சொல்லி, பாயை முன் அறைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஒரு நாள் தேத்தண்ணீர் கொடுக்கும்போது தோளில் கை வைத்தேன். ஈரத்துணி பட்டதுபோல விலகினார்.

இதை யாரிடம் சொல்ல முடியும்? பள்ளிக்கூடத்தில் நாங்கள் டீச்சர்மார் ஒன்றாகச் சாப்பிடும்போது புருஷன் குடிப்பதைச் சொல்வார்கள், குறட்டை விடுவதைச் சொல்வார்கள். என் புருஷன் என்னைத் தொடுவதில்லை என்று ஒருத்தி சொல்லிக் கேட்டதில்லை. அலுமாரிக் கண்ணாடியில் என்னைப் பார்ப்பேன். வயிறு கொஞ்சம் விழுந்திருந்தது. காதோரத்தில் நரை. இதுதான் காரணமாக இருக்கும் என்று ஒரு நாள் நினைப்பேன். ஒப்பரேஷனுக்கு முந்தியும் இதே வயிறுதானே என்று மறுநாள் நினைப்பேன்.

அந்தச் சமயத்தில்தான் அவர் போனில் பேச ஆரம்பித்தார்.

என்னோடு பேசாத மனிதர் வேலை முடிந்து வந்ததும் போனை எடுத்துக்கொண்டு மேல் ரோட்டு மதகில் போய் உட்கார்ந்துவிடுவார். பேசுவதெல்லாம் சிங்களம். லொறி ஓடிப் பழகியதால் அவருக்கு அது தண்ணீர் பட்ட பாடு. எனக்குக் கடையில் சாமான் வாங்கவும் தோட்டத்துக் கந்தோரில் கிளாக்கருக்குப் பதில் சொல்லவும் மட்டும்தான் வரும். தேயிலைக்குள் நின்று விறகு பொறுக்குவதுபோலக் காது கொடுத்துக் கேட்டிருக்கிறேன். நீளமாகப் பேசுவார், நடுவில் வாய்விட்டுச் சிரிப்பார். அந்தச் சிரிப்புதான் எனக்கு நெருப்பாக இருந்தது. கடைசியில் "ஹரி, ஹரி. ஹெட்ட எனவா" என்பார். சரி, நாளைக்கு வருகிறேன் என்று அர்த்தம். அது எனக்கு விளங்கும்.

மறுநாள் சனிக்கிழமையாக இருக்கும். சவரம் செய்து, அயர்ன் பண்ணிய சட்டை போட்டுக்கொண்டு, "கண்டிக்குக் கிளினிக் போயிட்டு வந்துர்றேன்" என்பார். அவருடைய கிளினிக் செவ்வாய்க்கிழமை. முதல் தடவை கூடப் போனது நான்தான்.

ஒரு நாள் அவர் குளிக்கப் போயிருந்தபோது போனைப் பார்த்தேன். அத்தனை அழைப்பும் ஒரே எண்ணுக்குத்தான். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'கொத்மலை' என்று மட்டும் இருந்தது. அந்த எண்ணுக்குப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் நின்று என் போனிலிருந்து கோல் எடுத்தேன்.

"ஹலோ, கவுத?" என்றது ஒரு பெண் குரல். யார் என்று கேட்கிறாள். இளம் வயதுக் குரல். பின்னால் ஒரு கைக்குழந்தை அழுதுகொண்டிருந்தது. நான் வைத்துவிட்டேன்.

அன்று மூன்றாம் வகுப்புக்கு என்ன படிப்பித்தேன் என்று எனக்குத் தெரியாது. குழந்தை எத்தனை மாதமாக இருக்கும், எப்போது தரித்திருக்கும் என்று மனம் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது. என்னிடம் வராத உடம்பு அங்கே போயிருக்கிறது. என்னிடம் அலுப்பாகப் படுத்த உடம்பு அங்கே ஒரு பிள்ளையைக் கொடுத்திருக்கிறது. அந்தக் குரலுக்கு நானே முகம் வைத்தேன், கூந்தல் வைத்தேன், ஒட்டிய வயிறு வைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை அவர் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் மகளை நாத்தனாரிடம் விட்டுவிட்டு ஓட்டோவில் நுவரெலியா பஸ் நிலையத்துக்குப் போனேன். ஸ்வெட்டர் தொப்பியைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டு முகத்துக்கு மாஸ்க் போட்டிருந்தேன். கண்டி பஸ்ஸின் பின்கதவில் அவர் ஏறுவதைப் பார்த்து முன்கதவில் ஏறினேன். சனிக்கிழமைக் கூட்டத்தில் ஆளுக்கு ஆள் தெரியாது. இறம்பொடை தாண்டிக் கொஞ்ச தூரத்தில் அவர் இறங்கினார். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, மழைத் தூறலில், ஏற்றத்தில் திரும்பி நடந்தேன். கீழே கொத்மலைத் தண்ணீர் பனிப் புகாருக்குள் கிடந்தது.

ரோட்டோரம் தகரம் போட்ட ஒரு மரக்கறிக் கடை. லீக்ஸும் கரட்டும் அடுக்கி வைத்திருந்தார்கள். ஒரு மெலிந்த பெண் இடுப்பில் குழந்தையோடு நின்றாள். என் கணவர் அந்தக் குழந்தையை இரண்டு கையாலும் வாங்கி, அதன் வயிற்றில் முகத்தை வைத்து ஊதினார். அது கிளுகிளுவென்று சிரித்தது. பிள்ளையை அவளிடம் கொடுத்துவிட்டு, தன் வீட்டுக்குள் போவதுபோலக் குனிந்து கடைக்குப் பின்னால் போய்விட்டார்.

நான் எதிர்ப்பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். அந்தப் பெண் என்னைப் பார்த்துவிட்டாள்.

"ஸ்ட்ரோபெரி ஓனத மிஸ்?" என்று கேட்டாள், ஸ்ட்ரோபெரி வேண்டுமா என்று. போனில் கேட்ட அதே குரல்.

ரோட்டைக் கடந்து போனேன். மாஸ்க்கை இறக்கினேன். என்னென்னவோ கேட்க நினைத்திருந்தேன். வாயில் வந்தது எனக்குத் தெரிந்த இரண்டு சிங்களச் சொல்தான். "மகே மஹத்தயா" என்று சொல்லிக் கடைக்குப் பின்னால் கையைக் காட்டினேன். என் புருஷன்.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "ஆ, டீச்சர் அக்காவா? வாங்க, வாங்க, மழை தானே" என்று உடைந்த தமிழில் சொல்லி, என் கையைப் பிடித்து உள்ளே இழுத்து ஸ்டூலில் உட்கார வைத்தாள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டே தேத்தண்ணீர் ஊற்றினாள்.

"எங்க ஆளும் ஒங்க ஆளும் ஒரே வாட்டு. பக்கத்துப் பக்கத்து கட்டில். எங்க ஆளுக்கு மோட்டர்சைக்கிள்ல அடிபட்டது. ரெண்டு பேருக்கும் ஒரே கிழமையில ஒப்பரேஷன். அப்ப இவன் எனக்கு வயித்துல." குழந்தையின் தலையைத் தடவினாள். "அக்காவுக்கு எல்லாம் தெரியும் தானே?"

"தெரியும்" என்றேன். இந்தப் பெண்ணுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது என்று ஒப்புக்கொள்ள என்னால் முடியவில்லை.

"ஒங்க ஆள் சரியான வெக்கம் அக்கா. கிளினிக் போய் டொக்டர்கிட்ட எல்லாம் நல்லம்னு சொல்லிட்டு வாறது. எங்க ஆள் எப்பவும் சொல்றது, தம்பி, எனக்கும் அப்பிடித்தான் இருந்திச்சி, ஒண்ணும் நடக்க இல்ல, டொக்டர்கிட்ட சொன்னேன், மருந்து தந்தாங்க, இப்ப கொஞ்சம் கொஞ்சம் சரி, நீயும் சொல்லுன்னு. இவர் கேக்க மாட்டார். அங்க உக்காந்து அழுறது. அக்கா பாவம், அக்காவ நான் ஏமாத்துறேன்னு சொல்லி அழுறது."

நான் தேத்தண்ணீரைக் குடித்தேன். சூடு நாக்கில் உறைக்கவில்லை. என் கணவரால் முடியவில்லை. அதை நான் இந்த வழியாக, ஒரு மரக்கறிக் கடையில், பெயர் தெரியாத ஒரு பெண்ணின் வாயால் தெரிந்துகொள்கிறேன். எனக்காக அவர் அழுத அழுகையை இவள் பார்த்திருக்கிறாள். நான் பார்க்கவில்லை. வேறொரு பெண் இல்லை என்று நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்ததென்னவோ இன்னொரு பொறாமைதான். முந்தியதைவிட இது மோசமாக இருந்தது.

பின்பக்கத்திலிருந்து இரண்டு பேரும் வந்தார்கள். அந்த மனிதருக்கு என் கணவரைவிட வயது கூட. தொந்தி, நரைத்த மீசை, முன்பல் ஒன்று இல்லை. இத்தனை நாள் நான் கூந்தலும் இடுப்பும் வைத்துப் பார்த்த ஆள் இவர்தான். "ஆ, நங்கி" என்று தங்கையைக் கூப்பிடுவதுபோலக் கும்பிட்டார். என் கணவர் வாசலிலேயே நின்றுவிட்டார். அந்தப் பெண் கட்டிக் கொடுத்த கரட்டை வாங்கிக்கொண்டு அவரோடு பஸ் ஏறினேன்.

மெயின் ரோட்டில் இறங்கித் தோட்டத்துப் பாதையில் நடக்கும்போதுதான் கேட்டேன்.

"அந்தப் பொம்பளைக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்குத் தெரியல."

"அவங்களுக்கு நான் சொல்லல. அய்யே சொல்லியிருப்பாரு." அந்தக் கடைக்காரரைத்தான் சிங்களத்தில் அண்ணன் என்று சொன்னார்.

"அய்யேக்கு யாரு சொன்னா?"

அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டே நடந்தார்.

"வேற ஒருத்தி இருக்கான்னு நெனச்சேங்க. பிள்ளையும் இருக்குன்னு நெனச்சேன்."

அவர் நின்றார். "எனக்கா? இந்த நெலமையிலயா?" என்று சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு பாதியில் உடைந்து, தேயிலைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வேற பொம்பளையா இருந்தா போய்ச் சண்ட போட்டிருப்பேன்" என்றேன். "இதுக்கு யாருகிட்ட போய்ச் சண்ட போடுறது? ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீ டீச்சர்" என்றார்.

"அதுக்கு?"

"நீ ஒண்ணும் சொல்ல மாட்ட. ஆனா பாப்ப. செவப்புப் பேனைய கையில வச்சிக்கிட்டுக் கொப்பியப் பாப்பியே, அப்பிடி. ஒவ்வொரு தடவையும் சரியா பிழையான்னு பாக்குற மாதிரி எனக்கு இருக்கும். அவரு பாக்க மாட்டாரு. அவருக்கும் அதே பிழதான்."

எனக்குக் கோபம் வந்தது. நான் எப்போது அப்படிப் பார்த்தேன் என்று கத்தினேன். எதிரே சாக்கோடு வந்த இரண்டு பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு கடந்து போனார்கள். வீட்டுக்குப் போகும்வரை சண்டை பிடித்தோம். அந்தச் சண்டையே எனக்கு வேண்டியிருந்தது என்று இப்போது தோன்றுகிறது. மாதக்கணக்கில் அவர் என்னோடு அவ்வளவு பேசியதில்லை.

அடுத்த கிளினிக்குக்கு நானும் போனேன். பெரிய டொக்டருக்குப் பக்கத்தில் இருந்த தமிழ் டொக்டர் சின்ன வயது ஆள். என் கணவர் வழக்கம்போல "எல்லாம் நல்லம்" என்று ஆரம்பித்தார். நான் அவர் முழங்கையைத் தொட்டேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தார்.

டொக்டர் ஆச்சரியப்படவே இல்லை. "இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றார். அடிபட்ட விதத்திலேயே நரம்புக்குப் பாதிப்பு வரலாம், ஒப்பரேஷனுக்குப் பிறகும் சிலருக்குக் கொஞ்ச காலம் இப்படி இருக்கும், பலருக்குத் தானாகவே திரும்பி வரும், ஒரு வருஷம்கூட எடுக்கலாம் என்று சொன்னார். காலையில் நித்திரை விட்டு எழும்பும்போது விறைப்பு இருக்கிறதா என்று கேட்டார். சில நாள் இருக்கிறது என்று இவர் சொன்னதும், "அப்ப நல்லது. பயமும் சேர்ந்துதான் ஒங்களப் பிடிச்சி வச்சிருக்கு" என்றார். சீனி, பிரஷர் எல்லாம் பார்த்த பிறகு குளிசை எழுதிக் கொடுத்தார். விந்து முந்திய வேகத்தில் வராமல் போகலாம், அதற்கும் பயப்பட வேண்டாம் என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க எப்படி இருக்கீங்க?" என்று கேட்டார்.

இத்தனை காலத்தில் யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. "இருக்கேன்" என்று மட்டும் சொன்னேன்.

குளிசை போட்டதும் எல்லாம் சரியாகிவிடவில்லை. பாய் முன் அறையிலிருந்து திரும்பி வந்ததே பெரிய காரியம். மகள் டியூசனுக்குப் போகும் ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்கள் எங்களுக்குக் கிடைத்தன. முதல் தடவை ஒன்றும் நடக்கவில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன், பார்க்கிறேன் என்று அவர் நினைத்துவிடக் கூடாதே என்று. "கண்ணத் தொற புள்ள, பயமா இருக்கு" என்றார். அடுத்த முறையும் பாதியில் நின்றது. எந்த ஞாயிறு என்று நினைவில்லை, கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு பின்னேரம், நாங்கள் பழையபடி கணவன் மனைவி ஆனோம். முன்பு இருந்த மாதிரி அல்ல. அவசரம் போய்விட்டது. சில நாள் வரும், சில நாள் வராது. வராத நாளில் அவர் எழுந்து போய்விடாமல் பக்கத்தில் படுத்துக்கொண்டு பெக்டரிக் கதை சொல்லப் பழகினார்.

மதகில் உட்கார்ந்து பேசுவது மட்டும் நிற்கவில்லை. நான் தடுக்கவும் இல்லை. ஆனால் அவர் போனை எடுத்துக்கொண்டு மேலே போகும்போதெல்லாம் எனக்கு அடுப்படியில் கைவேலை ஓடாது. இன்றைக்கு எனக்குச் சொல்லாத எதை அங்கே சொல்லப்போகிறார் என்று இருக்கும்.

அடுத்த வருடம் அந்த அய்யேக்கு மறுபடி அடைப்பு வந்தது. இரண்டாவது தடவை ஒப்பரேஷன் செய்ய வேண்டியதாயிற்று. என் கணவர் லீவு போட்டுவிட்டு, ஆண்களின் வாட்டில் அவருக்குத் துணையாகத் தங்கினார். எனக்குக் கிடைக்காத அனுமதி அவருக்குக் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை நான் சோறு கட்டிக்கொண்டு போனேன். வாட்டுக்கு வெளியே வாங்குப் பலகையில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். பிள்ளை நடக்கப் பழகியிருந்தான். என்னைக் கண்டதும் நகர்ந்து இடம் விட்டாள்.

"அக்காவும் ஒங்க ஆளும் இப்ப நல்லம்னு எங்க ஆள் சொன்னார். எனக்குச் சரியான சந்தோசம்" என்றாள்.

எனக்கு முகம் சுட்டது. "வேற என்னா சொன்னாரு?"

"வேற ஒண்ணும் இல்ல அக்கா." அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தேடிக்கொண்டே, அவளுடைய பிள்ளைக்கு வாழைப்பழம் உரித்துக் கொடுத்தேன்.

அவருக்கு லீவு முடிந்திருந்தது. திரும்பும் பஸ்ஸில் எங்களுக்குப் பக்கத்தில் பக்கத்தில் இடம் கிடைத்தது. கம்பளை தாண்டியதும் கேட்டேன்.

"அய்யேகிட்ட நம்மளப் பத்தி என்னா சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல. நல்லா இருக்கோம்னு சொன்னேன்."

"அத எங்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்லையே."

அவர் முன் சீட்டைப் பார்த்தார், பின் சீட்டைப் பார்த்தார். முன்னால் இருந்த கிழவர் தூங்கிக்கொண்டிருந்தார். என் பக்கம் சாய்ந்து, காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "நல்லா இருக்கோம்" என்றார். கொண்டக்டர் டிக்கெட் கேட்டு வந்தான். அவர் சட்டைப்பையைத் துழாவினார். நான் ஜன்னலைக் கொஞ்சம் சாத்தினேன். குளிர் தொடங்கியிருந்தது.